மருத்துவமனையிலிருந்து பதிவேட்டுக்கு: சென்னை மருத்துவக் கல்லூரிப் பட்டதாரிகளும் புற்றுநோய்க் கணக்கெடுப்பும்

முன்னுரை

ஒரு பல்கலைக்கழகம் பொதுச் சுகாதாரத்துக்கு ஆற்றிய பங்கை மதிப்பிடும்போது, அங்குப் பயின்று புகழ்பெற்ற மருத்துவர்களின் பெயர்களை அடுக்குவதே நம்மிடையே வழக்கமாக உள்ளது. ஆனால் நோயாளி ஒருவருக்குச் சிகிச்சை அளிப்பதும், ஒரு நகரின் நோய்நிலையைக் கணித்தறிவதும் வெவ்வேறு பணிகள். முதற்பணியிலிருந்து இரண்டாம் பணிக்குச் சென்ற ஒரு நகர்வை, அக்காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைவு பெற்றிருந்த சென்னை மருத்துவக் கல்லூரியின் பட்டதாரிகள் இருவரை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

நூற்றாண்டு விழாவில் எழுந்த எண்ணம்

மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்களுக்கு 1875இல் கதவு திறந்த கல்லூரி அது. 1907இல் அங்குச் சேர்ந்த முத்துலட்சுமி 1912இல் பட்டம் பெற்றார். சட்டமன்றப் பணிக்காகவும் தேவதாசி ஒழிப்புக்காகவும் அவர் மிகுதியாக நினைக்கப்படுவதால், அவருடைய மருத்துவப் பணி வரலாற்று நூல்களில் சில வரிகளில் முடிந்துவிடுகிறது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். 1935இல் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், புற்றுநோயாளிகளுக்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்ற தம் விருப்பத்தை வெளியிட்டார். புற்றுநோய் வந்தால் இறப்பு உறுதி என்ற எண்ணம் மருத்துவர்களிடையேயும் வேரூன்றியிருந்த காலம் அது. இந்திய மாதர் சங்கத்தின் வழியாக நிதி திரட்டப்பட்டு, 1952இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18 அன்று அடையாற்றில் புற்றுநோய் நிறுவனம் 12 படுக்கைகளுடன் தொடங்கியது. எண்ணத்துக்கும் கட்டடத்துக்கும் இடையே 19 ஆண்டுகள் கடந்திருந்தன.

அதே கல்லூரியில் 1949இல் இளநிலைப் பட்டமும் 1955இல் மகப்பேறு, மகளிர் மருத்துவத்தில் முதுநிலைப் பட்டமும் பெற்ற வி. சாந்தா 1955இல் இந்நிறுவனத்தில் சேர்ந்தார். அரசுப் பணி கிடைத்திருந்தும் அதை ஏற்காமல் வந்தவர் அவர். முத்துலட்சுமியின் மகன் மருத்துவர் கிருஷ்ணமூர்த்தியோடு இணைந்து அவர் நிறுவனத்தை வளர்த்த வரலாறு பலரும் எழுதியதே. இவண் அதை விரிக்க வேண்டுவதில்லை.

எண்ணுதல் என்னும் பணி

மருத்துவமனை ஏடுகள் ஒரு நகரின் நோய்நிலையைக் காட்டமாட்டா. கதிர்வீச்சுக் கருவி உள்ள மருத்துவமனையில் அச்சிகிச்சை வேண்டும் நோயே மிகுதியாகத் தென்படும். வெளியூர் நோயாளிகள் கணக்கைப் பெருக்குவர். மருத்துவமனைக்கே வராதவர்கள் கணக்கில் இடம்பெறார். ஒரு குறிப்பிட்ட நிலப்பரப்பில் வாழ்வோருள் புதிதாக நோயுற்ற ஒவ்வொருவரையும் கண்டறிந்து, அத்தொகையை மக்கள்தொகையால் வகுத்தால்தான் நோய்வீதம் தெரியும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசியத் திட்டத்தின்கீழ் 1982இல் பம்பாய், பெங்களூர் ஆகியவற்றோடு சென்னையிலும் இயங்கத் தொடங்கிய மக்கள்தொகை சார்ந்த பதிவேடு இப்பணியை மேற்கொண்டது. சென்னைப் பதிவேட்டை நடத்தும் பொறுப்பு அடையாறு நிறுவனத்திடம் இருந்தது.

நோயைக் கண்டறிந்த மருத்துவர் அதை அறிவிக்க வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் அன்று இல்லை. எனவே களப்பணியாளர்களே அரசு, தனியார் மருத்துவமனைகளுக்கும் நோய்க்குறியியல் ஆய்வகங்களுக்கும் நேரில் சென்று விவரம் திரட்டினர். மாநகராட்சியின் இறப்புப் பதிவுகளையும் ஒப்பிட்டனர். தமிழ்ப் பெயர்மரபை அறிந்தோர் இதிலுள்ள இடர்ப்பாட்டை உணர்வர். ஒரே பெண் ஓரிடத்தில் தந்தை பெயரின் முதலெழுத்தோடும், மற்றோரிடத்தில் கணவர் பெயரோடும் பதிவாகியிருக்கக்கூடும். சிகிச்சைக்காக உறவினர் வீட்டில் தங்கியவர் சென்னை முகவரியைத் தந்திருக்கலாம். இவற்றைப் பிரித்தறியாவிடில் வீதம் பிழைபடும். பல்கலைக்கழகங்களில் புள்ளியியல் பயின்றோரின் தேவை இங்குதான் எழுகிறது. மருத்துவப் பட்டத்தை மட்டும் அளவுகோலாகக் கொள்ளும் வரலாறு இவர்களைத் தவறவிடுகிறது என்பது என் கருத்து.

பதிவேட்டின் தொடக்க ஆண்டுகளில் சென்னைப் பெண்களிடையே கருப்பைவாய்ப் புற்றுநோயே முதலிடத்தில் இருந்தது. பின்னர் அதன் வீதம் தொடர்ந்து குறைய, மார்பகப் புற்றுநோய் அவ்விடத்துக்கு வந்தது. ஆண்டுதோறும் ஒரே முறையில் எண்ணியிராவிட்டால் இம்மாற்றம் புலப்பட்டிருக்காது.

திண்டுக்கல் ஆய்வு

பதிவேட்டின் பயன் நோய்நிலையை விவரிப்பதோடு நிற்கவில்லை. திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையிலும் 1990களில் ஊரகப் பதிவேடு ஒன்று அமைந்தது. 2000இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் துணையோடு அம்மாவட்டத்தில் தொடங்கிய ஆய்வில் அம்பிளிக்கை மருத்துவர்களும் அடையாறு ஆய்வாளர்களும் பங்குபெற்றனர். கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெண்மையாக மாறும் பகுதியை வெறுங்கண்ணால் காணும் எளிய சோதனை அது. பயிற்சி பெற்ற செவிலியரே செய்தனர். 30 முதல் 59 வயது வரையிலான பெண்களிடையே, சோதனைக்கு அழைக்கப்பட்ட குழுவில் நோய்வீதம் 25 விழுக்காடும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்திருந்ததாக 2007இல் லான்செட் இதழில் முடிவு வெளியாயிற்று. யார் நோயுற்றார், யார் இறந்தார் என்பதை அறியப் பதிவேடு இல்லாதிருந்தால் இவ்விரு எண்களையும் கணக்கிட்டிருக்க முடியாது. தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் முன்னோட்டமாக நடந்த அரசுத் திட்டமும் அமிலச் சோதனையைக் கையாண்டது. 2012இல் பதிவேட்டுப் பணி மாநிலம் முழுமைக்கும் விரிந்தது.

இவ்வாய்வின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஒப்பீட்டுக் குழுவில் வைக்கப்பட்ட 30,958 பெண்கள் ஆய்வுக்காலத்தில் இச்சோதனைக்கு அழைக்கப்படவில்லை. இந்தியாவில் நடந்த இத்தகைய ஆய்வுகளின் அறம் பின்னாளில் கடுமையான விவாதத்துக்கு உள்ளாயிற்று. சோதனை முறை எதுவும் நடைமுறையில் இல்லாத ஊர்களில் வழக்கமான கவனிப்பே ஒப்பீட்டுக்கு உரியது என்றனர் ஒருசாரார். பயன் உறுதியான பிற முறைகள் உலகில் இருந்தனவே என்றனர் மறுசாரார். 35 விழுக்காடு என்னும் எண்ணை மேற்கோள் காட்டும் நாம், அவ்வெண்ணின் ஒருபாதி அழைக்கப்படாத அப்பெண்களின் இறப்பிலிருந்து பெறப்பட்டது என்பதையும் உடன் எழுத வேண்டியுள்ளது.