பொன்வண்டுச் சட்டையும் நடக்காத முடிசூட்டு விழாவும்

பெரம்பலூர், அரியலூர் பக்கம் வளர்ந்தவங்களுக்கு பொன்வண்டைத் தெரியாம இருக்காது. தீப்பெட்டிக்குள்ள இலையைப் போட்டு வளர்த்து, முட்டை வச்சிருக்கான்னு திறந்து திறந்து பார்ப்போமே, அதேதான். அந்தப் பொன்வண்டோட சொந்தக்கார வண்டுகள் லண்டன்ல மேடையேறின கதை இது.

1888 டிசம்பர் கடைசியில் லண்டன் லைசியம் தியேட்டரில் ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்' அரங்கேறியது. ராஜாவைக் கொல்லச் சொல்லி புருஷனைத் தூண்டிவிடும் லேடி மேக்பெத்தாக நடித்தவர் எலன் டெர்ரி. அவருடைய பச்சை அங்கியில் சுமார் ஆயிரம் வண்டு இறக்கைகள்! விளக்கு வெளிச்சத்தில் பாம்புச் செதில் மாதிரி மினுங்கணும்னு ஏற்பாடு. அந்த நூற்றாண்டில் இந்த இறக்கைகளை வைத்துத் தைத்த மஸ்லின் துணி மெட்ராஸில் இருந்தும் கப்பலேறியது. அதுக்காக எலன் டெர்ரி போட்டது நம்ம குன்னம் வண்டுதான்னு நான் அடிச்சுச் சொல்லல :-)

ஜான் சிங்கர் சார்ஜென்ட் 1889-ல் அவரை அதே அங்கியில் வரைந்தார். படம் இப்போ லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கு. இரண்டு கைகளாலும் கிரீடத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறார். விஷயம் என்னன்னா, ஷேக்ஸ்பியர் அப்படி ஒரு காட்சியை எழுதவே இல்லை. மேடையிலும் அது நடக்கல.

விக்டோரியா காலத்து ஆட்கள் ஓவியத்தை பார்க்க மட்டும் மாட்டாங்க, கதை மாதிரி 'படிப்பாங்க'. இதே எலன் டெர்ரியை 1864-ல் ஜி.எஃப். வாட்ஸ் வரைந்த படத்தின் பெயர் 'தேர்வு'. பகட்டான, வாசமில்லாத கமேலியா ஒரு பக்கம்; கையில் வாசமுள்ள சின்ன வயலெட் பூ. 46 வயது ஓவியர் 16 வயதுப் பெண்ணைக் கல்யாணம் செய்த வருஷம் அது. ஒரு வருஷத்துக்குள்ள பிரிஞ்சுட்டாங்க. யார் எதைத் தேர்ந்தெடுத்தாங்கன்னு நீங்களே யோசிச்சுக்குங்க.

சினிமா இல்லாத காலத்தில் நடிப்பு அன்னைக்கு ராத்திரியோட போச்சு. முழு நாடகத்தையும் ஒரே நொடியில் அடைக்கணும். அதனால் நடந்ததை விட்டுட்டு, அவள் மனசுக்குள்ள இருந்த ஆசையை வரைந்தார் சார்ஜென்ட்.

இந்த வித்தை நம்ம ஊருக்குப் புதுசில்லை. அரியலூர் மாவட்டம் கங்கைகொண்ட சோழபுரத்தில் சண்டேச அனுக்கிரக மூர்த்தி சிற்பம் இருக்கு. பக்கத்தில் பார்வதி அமர்ந்திருக்க, சிவன் தன் கையால் சண்டேசர் தலையில் பூமாலையைச் சுற்றுகிறார். பார்த்தால் புராணக் கதை. ஆனா அந்தச் சண்டேசர், கோயிலைக் கட்டிய ராஜேந்திர சோழனேதான் என்று பல அறிஞர்கள் சொல்றாங்க. கதைக்குள்ள ஒளிஞ்சிருக்கும் உருவப்படம்!

ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. கொலை செய்து அதிகாரத்தைப் பிடித்தவள் தன் கையாலேயே கிரீடத்தைத் தூக்குகிறாள். கடல் கடந்து படை அனுப்பிய ராஜாவோ, அவர் ராஜேந்திரன்தான் என்றால், கைகூப்பித் தலைகுனிந்து வாங்கிக்கொள்கிறார். எப்படி முடி ஏறியது என்று இந்தப் படங்களிடம் கேட்கக் கூடாது. எப்படி ஏறியதாக நாம நினைக்கணும் என்பதைத்தான் அவை சொல்லும்.

அடுத்த தடவை கங்கைகொண்ட சோழபுரம் போனா, கோபுரத்தை மட்டும் அண்ணாந்து பார்த்துட்டு வந்துடாதீங்க. அந்தக் குனிந்த தலையையும் கொஞ்ச நேரம் நின்னு பாருங்க மக்களே.