பழவேற்காட்டுக் கரையும் ஹிந்தலோப்பன் அங்கியும்

மணலி புதுநகரைக் கடந்து பொன்னேரிப் பக்கம் செல்பவர்களில் எத்தனை பேர், இன்னும் வடக்கே போனால் வரும் பழவேற்காட்டில் 1613-ஆம் ஆண்டு டச்சுக்காரர் கெல்டிரியா கோட்டையைக் கட்டியதையும், 1690 வரை அவர்களுடைய சோழமண்டல வாணிபத்துக்கு அதுவே தலைமை ஸ்தானமாக விளங்கியதையும், அவ்வாணிபத்தின் ஜீவநாடி துணியே என்பதையும் அறிவார்களோ!

கடுக்காயும் எருமைப்பாலும் ஊட்டிய வெள்ளைத் துணியில் படிகாரக் கரைசலைக் கலம் என்ற எழுதுகோலால் தீட்டி, இம்பூரல் வேரிட்ட நீரில் கொதிக்கவைத்தால், படிகாரம் பட்ட இடம் மட்டும் செக்கச்செவேலென்று சிவக்கும். நீலம் வேண்டாத பாகங்களை மெழுகால் மூடி, அவுரித் தொட்டியில் தோய்ப்பார்கள். எத்தனை முறை வெளுத்தாலும் மங்காத வர்ணம் அது; அதன் சூக்ஷ்மத்தை ஐரோப்பியர் நெடுங்காலம் அறியவில்லை.

தம் நெசவாளரின் க்ஷேமத்தைக் கருதி, பிரான்ஸ் 1686-இலும் இங்கிலாந்து 1721-இலும் இச்சீட்டித் துணிகளுக்குத் தடை விதித்தபோதும், ஹாலந்து விதிக்கவில்லை. ஆகவே அந்நாட்டின் ஹிந்தலோப்பன் என்னும் சிறு துறைமுகத்துப் பெண்கள், நம் கரைச் சீட்டியை 'வென்ட்கே' என்ற முன்புறம் திறந்த நீண்ட அங்கியாகத் தைத்து, பூவேலைக்கு மாறுபட்ட கட்டம் போட்ட துணிகளோடு இணைத்து அணிந்தனர். சுபகாலத்துக்குச் சிவப்பு, துக்கத்துக்கு நீலமும் வெள்ளையும். நம் சாயக்காரரின் கைவண்ணம் அந்நியரின் சுகதுக்கங்களில் இவ்வளவு ஆழமாகக் கலந்ததைவிடப் பெரிய கௌரவம் வேறென்ன?

பழவேற்காட்டின் டச்சுக் கல்லறைகளைத் தொல்லியல் துறை பாதுகாத்து வருகிறது. அத்துணிகளை நெய்து தீட்டியவர்களுக்கும் அங்கே ஒரு காட்சிக்கூடம் எழுப்ப அரசு முன்வர வேண்டும்.