ஒரு ரூம், ஒரு வராந்தா, மூணு பியூன்

புது ஆளுக்கு லோன் என்றால் எங்க பேங்கில் முதலில் சின்னத் தொகைதான். ஒழுங்காகக் கட்டினால் லிமிட்டை ஏத்துவோம். மருத்துவ ஆராய்ச்சிக்கும் பணம் அப்படித்தான் வரும் போல. மாஹிமில் நம்ம வீட்டிலிருந்து பரேல் கிட்டத்தில்தான். அங்கே இருக்கிற ஹாஃப்கின் இன்ஸ்டிட்யூட் கதையைக் கேளுங்க.

1896-ல் பம்பாயில் பிளேக். லட்சக்கணக்கில் ஜனம் ஊரை விட்டு ஓடியது. அக்டோபரில் வந்த வால்டமார் ஹாஃப்கினுக்குக் கிடைத்தது கிராண்ட் மெடிக்கல் காலேஜில் ஒரு ரூம், ஒரு வராந்தா, ஒரு கிளார்க், மூணு பியூன். (இன்னிக்கு இதுக்கே எத்தனை ஃபார்ம் நிரப்பணுமோ!) மூன்றே மாதத்தில் தடுப்பூசி ரெடி. 1897 ஜனவரி 10-ந் தேதி தனக்கே குத்திக்கொண்டார்.

மாதக் கடைசியில் பைகுல்லா ஜெயிலில் சோதனை. போட்ட அன்றே நோய் வெளிப்பட்டு இறந்த 3 பேரைக் கணக்கில் சேர்க்கவில்லை. அதற்குப் பிறகு, ஊசி போடாதவர்களில் 12 பேருக்கு பிளேக், 6 பேர் சாவு. போட்டவர்களில் 2 பேருக்கு வந்தது, இருவரும் பிழைத்தார்கள். கைதி சொன்ன 'சம்மதம்' எவ்வளவு தூரம் சம்மதம் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

பெரிய இடமெல்லாம் அப்புறம்தான். ஆகா கான் குஷ்ரு லாட்ஜைக் கொடுத்தார். 1899-ல் பரேலில் பழைய கவர்னர் மாளிகையே கிடைத்தது. 1902-ல் பஞ்சாப் முல்கோவாலில் ஊசி போட்ட 19 பேர் டெட்டனஸில் இறக்க, பழி அவர் தலையில். அது விலக 1907 ஆனது. இன்ஸ்டிட்யூட்டுக்கு அவர் பெயரை வைத்தது 1925-ல்.