வேண்டாதவற்றுக்கும் விலை

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று தன் ஒளிபரப்பைத் தொடங்கியபோது, பெட்டி வாங்கிய வீட்டார் ஆண்டுக்கொரு முறை அஞ்சலகத்துக்குச் சென்று உரிமக் கட்டணம் செலுத்தி வருவது வழக்கமாயிருந்தது. நிலையமோ ஒன்று, நேரமோ மாலையில் சில மணி. ‘வயலும் வாழ்வும்’ வந்தால் அதைப் பார்த்தோம். வெள்ளிக்கிழமை ‘ஒலியும் ஒளியும்’ வந்தால் தெருவே ஒரு வீட்டில் கூடிற்று. இது வேண்டும், அது வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பே இல்லாதபோது, எதற்காகக் காசு கொடுக்கிறோம் என்ற ஐயமும் எழவில்லை. 1985இல் அந்த உரிமக் கட்டணமும் நீங்கிற்று.

இன்று மாதந்தோறும் கேபிள்காரருக்கோ டிஷ் நிறுவனத்துக்கோ நாம் செலுத்தும் தொகையில், நாம் ஒருபோதும் பாராத அலைவரிசைகளுக்கும் ஒரு பங்கு உண்டு. விரும்பியதை மட்டும் வாங்கும் உரிமை நமக்கு இல்லையா என்றால், உண்டு. சட்டப்படி அது 2003இல் ஒரு முறை தரப்பட்டது. 2007இல் மறுமுறையும், 2019இல் மூன்றாம் முறையும் தரப்பட்டது. மும்முறை தரப்பட்ட ஓர் உரிமை ஏன் கையில் தங்கவில்லை என்பதே இங்கு நாம் ஆராயப் புகும் செய்தியாகும்.

1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தினுள் புகுந்தது. அங்கே பிழைக்கச் சென்றிருந்த இந்தியருள் 1,70,000 பேருக்கு மேற்பட்டோர் விமானங்களில் தாயகம் கொணரப்பட்டனர். பிள்ளைகளை வளைகுடாவுக்கு அனுப்பிவிட்டுக் கடிதத்துக்காகக் காத்திருந்த நம் ஊர்க் குடும்பங்களுக்கு அந்த மாதங்கள் மறக்கக்கூடியவை அல்ல. 1991 ஜனவரியில் போர் மூண்டபோது, அமெரிக்கச் செய்தி நிறுவனமான சி.என்.என். அதனை நேரடியாகவே ஒளிபரப்பியது. பெருநகர உணவு விடுதிகளில் டிஷ் ஆன்டெனா வைத்து அதைக் காட்டினர். வானத்திலிருந்து படம் இறக்கலாம் என்பதை இந்நாட்டார் கண்கூடாகக் கண்டது அப்போதுதான். அதே ஆண்டில் ஸ்டார் வந்தது. 1992 அக்டோபரில் ஜீ வந்தது. 1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி வந்தது.

இவற்றை வீட்டுக்குள் கொண்டுவந்தவர்கள் பெரும் நிறுவனத்தார் அல்லர். அதுவரை வீடியோ கேசட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த இளைஞர்கள் பலர், மாடியில் ஒரு டிஷ்ஷை நிறுத்தி, முருங்கை மரத்தையும் மின்கம்பத்தையும் துணைக்கொண்டு, வீடு வீடாகக் கம்பி இழுத்தனர். இதற்கென ஒரு சட்டம் வந்ததே 1995இல்தான். கம்பி சட்டத்துக்கு முந்தியது. மாதத் தொகை ஒன்றைச் செலுத்தினால் கம்பியில் வருவன அனைத்தும் கிடைத்தன. எண்ணிக்கை பெருகப் பெருக மகிழ்ந்தோமேயன்றி, தனித்தனி விலை கேட்டவர் எவருமில்லை.

சிக்கல், ஒளிபரப்பு நிறுவனங்கள் தம் அலைவரிசைகளுக்குக் கட்டணம் கேட்கத் தொடங்கியபோது தோன்றிற்று. கம்பி எத்தனை வீடுகளுக்குச் செல்கிறது என்பதை அறிந்தவர் கேபிள்காரர் ஒருவரே. 500 வீடுகளுக்கு இணைப்புத் தந்தவர் 100 என்று கணக்குக் காட்டினால் நிறுவனத்தால் மறுத்துரைக்க இயலாது. ஆகவே நிறுவனம் தன் விலையை உயர்த்தியது. அதோடு, மக்கள் விரும்பும் ஓர் அலைவரிசையைக் கேட்டால், எவரும் கேளாத நான்கையும் சேர்த்தே எடுக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. கேபிள்காரர் அந்தச் சுமையை மாதக் கட்டணத்தில் ஏற்றினார். இருவரும் ஒருவரையொருவர் குறைகூறினர். இருவர் கூற்றிலும் உண்மை இருந்தது. இருவருக்கும் நடுவில் நின்று பணம் கொடுத்தவருக்கோ எதன் விலை எவ்வளவு என்பதே தெரியாது.

இவ்வாறு சேர்த்துக் கட்டி விற்கும் தந்திரம் நம் நாட்டில் பிறந்ததன்று. அதன் வேர் அமெரிக்கத் திரைப்படத் தொழிலில் உள்ளது. ஹாலிவுட் நிறுவனங்கள் ஒரு நல்ல படத்தைத் தருவதற்குப் பல சாதாரணப் படங்களையும் எடுத்தாக வேண்டும் என்று திரையரங்குகளை நிர்ப்பந்தித்து வந்தன. 1948இல் பாரமவுண்ட் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதனைத் தடுத்தது. பின்னர் தொலைக்காட்சி நிலையங்கள் பழைய படங்களை வாங்க முற்பட்டபோது அதே கதை திரும்பிற்று. வாஷிங்டன் நகரில் ஒரு நிலையம் ‘காசாபிளாங்கா’ போன்ற புகழ்பெற்ற படங்களைப் பெறும்பொருட்டு, ‘கொரில்லா மேன்’ முதலிய படங்களும் அடங்கிய 99 படங்களை 1,18,800 டாலருக்கு ஏற்க வேண்டியதாயிற்று. 1962இல் லோவ்ஸ் வழக்கில் இதுவும் சட்டத்துக்குப் புறம்பானது என்று தீர்ப்பாயிற்று.

தீர்ப்புக்கு அடுத்த ஆண்டில், ஜார்ஜ் ஸ்டிக்லர் என்னும் பொருளியல் அறிஞர் ஒரு சிறு கட்டுரையில் வேறொரு கோணத்தைக் காட்டினார். சேர்த்து விற்பவன் வேண்டாததைத் தலையில் கட்டுகிறான் என்று மட்டும் சொன்னால் போதாது. வாங்குவோரின் விருப்பங்கள் வேறுபடுவதாலேயே அவனுக்கு ஆதாயம் கிடைக்கிறது என்பது அவர் வாதம். அதனை நம் தெருவுக்கு ஏற்பச் சொல்லிப் பார்ப்போம். ஒரு வீட்டார் விளையாட்டு அலைவரிசைக்கு 16 ரூபாயும் நாடக அலைவரிசைக்கு 6 ரூபாயும் தர ஒப்புவர். பக்கத்து வீட்டார் விளையாட்டுக்கு 6, நாடகத்துக்கு 16 தருவர். தனித்தனியே விற்பவன் ஒவ்வொன்றுக்கும் 16 வைத்தால், ஒரு வீட்டுக்கு ஒன்றாக இரண்டு விற்று 32 பெறுவான். இரண்டையும் கட்டி 20க்குத் தந்தால் இரு வீட்டாரும் வாங்குவர். அவனுக்கு 40 கிடைக்கும். வாங்கியவர்களுக்கும் தாம் தர எண்ணியதில் இரண்டிரண்டு ரூபாய் மிச்சம். ஆதலின் தொகுப்பு என்றாலே வஞ்சகம் என்று முடிவுகட்டுவது சரியன்று.

ஆனால் அத்தெருவிலே மூன்றாவது வீடும் ஒன்றுண்டு. அங்கே தனித்து வாழும் மூதாட்டி ஒருவர் செய்தி ஒன்றையே கேட்பார். அதற்குப் பத்து ரூபாய் தருவார். தொகுப்பின் விலை அவரையும் 20 கேட்கிறது. பெரிய குடும்பத்துக்கு ஆதாயமாய் அமைவது, குறைவாகப் பார்ப்போருக்கும் குறைவாகச் செலவிட வேண்டியோருக்கும் அபராதமாய் அமைகிறது. இதையும் விடக் கருத்தில் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. தொகுப்பைச் செய்பவனே தனி விலையையும் குறிக்கிறான். இரண்டும் சேர்ந்து 20. தனியாக எடுத்தால் ஒவ்வொன்றும் 19 என்று அவன் எழுதிவிட்டால் போதும். எவரையும் நிர்ப்பந்தித்ததாகாது, ஆயினும் தனியாக எடுப்பார் எவரும் இரார். இக்கணக்கை நினைவில் வைத்துக்கொண்டு நம் நாட்டுக் கதைக்குத் திரும்புவோம்.

2002 டிசம்பரில் நாடாளுமன்றம் கேபிள் சட்டத்தைத் திருத்தியது. இலவச அலைவரிசைகள் குறைந்தபட்சம் 30 கொண்ட அடிப்படை வரிசைக்கு 72 ரூபாயும் வரியும். கட்டண அலைவரிசை வேண்டுவோர் மட்டும் செட்டாப் பாக்ஸ் வைத்து, விரும்பியதற்கு மட்டும் பணம் தரலாம். சி.ஏ.எஸ். என்னும் மூன்றெழுத்தால் அறியப்பட்ட இம்முறை நான்கு பெருநகரங்களிலும் வருவதாயிருந்தது. டெல்லியில் 2003இல் தேர்தல். பாக்ஸின் விலையோ சில ஆயிரம் ரூபாய். நாள் தள்ளிப்போயிற்று, எதிர்ப்பு வலுத்தது, ஏனைய நகரங்கள் பின்வாங்கின. 2003 செப்டம்பர் 1 முதல் அதனை முழுமையாக ஏற்று நடந்த நகரம் சென்னை ஒன்றே.

அங்கு நிகழ்ந்தது எண்ணத்தக்கது. பாக்ஸ் வாங்கியோர் மிகச் சிலர். தமிழ் அலைவரிசைகளுள் பல அந்நாளில் இலவச வரிசையிலேயே கிடைத்தமையால், பெரும்பாலான வீடுகள் அவ்வளவே போதும் என்று அமைந்தன. மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை என்று இதனைக் குறைகூறியவர்கள் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. வேண்டாம் என்பதும் தேர்வுதானே! விலை தெரிந்தபின் சென்னைக் குடும்பங்கள் கொடுத்த விடை அது. வணிகர்கள் எதிர்பார்த்த விடை அதுவன்று என்பதே செய்தி.

டெல்லி உயர் நீதிமன்றத்தின் 2006ஆம் ஆண்டு ஆணைக்குப் பின், எஞ்சிய மூன்று நகரங்களின் சில பகுதிகளிலும் 2007 பிறக்கும் தறுவாயில் இம்முறை வந்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அப்போது இலவச வரிசைக்கு 77 ரூபாயும், கட்டண அலைவரிசை எதுவாயினும் ஒன்றுக்கு 5 ரூபாயும் உச்ச விலையாக வைத்தது. எளிய கணக்கு, சிறுவனும் கூட்டிச் சொல்லிவிடுவான். தமிழ்நாட்டின் பிற மாவட்டங்களில் 2011 முதல் அரசு கேபிள் நிறுவனம் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புத் தந்தது வேறொரு வழி. அது தேர்வன்று, மலிவு. மலிவாய் இருந்தவரை தேர்வைப் பற்றி எவரும் கவலைப்படவில்லை.

பின்னர் டிஜிட்டல் முறை கட்டாயமாக்கப்பட்டு வீடுதோறும் பாக்ஸ் புகுந்தது. இனி எந்த வீடு எதைப் பார்க்கிறது என்பதில் மறைவு ஏதுமில்லை. இந்நிலையில் 2017 மார்ச் 3 அன்று டிராய் புதிய கட்டண ஆணையை வெளியிட்டது. ஒவ்வோர் அலைவரிசைக்கும் விலை குறித்து விளம்பரப்படுத்த வேண்டும். 19 ரூபாய்க்கு மேற்பட்டதைத் தொகுப்பில் சேர்க்கலாகாது. தனி விலைகளின் கூட்டுத்தொகையினின்று தொகுப்புக்குத் தரும் தள்ளுபடி 15 விழுக்காட்டைத் தாண்டலாகாது. மேற்சொன்ன ‘தனியாக 19, சேர்த்து 20’ என்னும் தந்திரத்தின் குரல்வளையைப் பிடித்தது இந்த மூன்றாவது விதியே.

ஸ்டார் நிறுவனமும் விஜய் தொலைக்காட்சியும் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. நிகழ்ச்சிகளின் விலை பதிப்புரிமைச் சட்டத்தின்பாற்பட்டது, அதில் டிராய் தலையிட அதிகாரமில்லை என்பது அவர்கள் வாதம். 2018 மார்ச்சில் இரு நீதிபதிகள் இருவேறு தீர்ப்பளித்தனர். மே மாதம் மூன்றாம் நீதிபதி ஆணையத்தின் அதிகாரத்தை ஏற்றார். அக்டோபர் 30 அன்று உச்ச நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. ஆணையம் வென்றது. ஆயின் அந்த 15 விழுக்காட்டு வரம்பு மட்டும், தகுந்த அடிப்படையற்றது எனச் சென்னையிலேயே நீக்கப்பட்டிருந்தது, அது மீளவில்லை. கோட்டையைக் காத்தவர்கள் ஒரு திட்டிவாசலைத் திறந்து விட்டார்கள். பெரும் வாதங்களில் எல்லாரும் மூழ்கியிருக்கையில் சிறு விதியொன்று நழுவுவது வரலாற்றில் புதிதன்று.

2019 பிப்ரவரி 1 முதல் புதிய முறை நடப்புக்கு வந்தது. 100 அலைவரிசைகள் வரை கம்பிக்கட்டணம் 130 ரூபாய். 18 விழுக்காடு வரியுடன் 153 ரூபாய் 40 காசு. கட்டண அலைவரிசை ஒன்றுகூட வேண்டாதவரும் இதனைச் செலுத்த வேண்டும். 19 ரூபாய் விலையில் நான்கை மட்டும் தேர்ந்தெடுத்த வீட்டின் கணக்கைப் போட்டால் 76 ரூபாய், வரியுடன் 89 ரூபாய் 68 காசு; ஆகமொத்தம் 243 ரூபாய் 8 காசு. 70 ரூபாயில் பழகிய குடும்பத்துக்கு இது எவ்வாறு இருந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அந்நாட்களில் கேபிள்காரர்கள் அச்சிட்ட படிவத்தை வீடுதோறும் கொடுத்து, நீண்ட பட்டியலில் குறியிடச் சொன்னார்கள். அவசர அவசரமாகப் பல வீடுகளில் அது தொலைக்காட்சியின் மேலேயே கிடந்தது. தேர்ந்தெடுக்காதோர் பலர் என்று கண்ட டிராய், அவர்களுக்கு ஏற்ற தொகுப்பொன்றைக் கேபிள் நிறுவனங்களே அமைத்துத் தரலாம் என்று அந்த மாதத்திலேயே அறிவித்தது. நாம் தேர்ந்தெடுப்பதற்காக எழுந்த ஆணை, நமக்காகப் பிறர் தேர்ந்தெடுப்பதில் வந்து நின்றது.

திறந்து கிடந்த திட்டிவாசல் வழியாகத் தள்ளுபடி நுழைந்தது. தொகுப்புகளுக்கு 70 விழுக்காடு வரை தள்ளுபடி தரப்படுவதாக அவ்வாண்டு ஆகஸ்டில் டிராயே எழுதியது. பத்து அலைவரிசைகளின் தனி விலை மொத்தம் 100 ரூபாய் என்றால், அவை அனைத்தும் 30க்கு. அவற்றுள் 19 ரூபாய் விலையுள்ள இரண்டை மட்டும் கேட்டால் 38! இரண்டின் விலை பத்தின் விலையைவிட அதிகமாகும்போது, கூட்டத் தெரிந்த எந்த இல்லத்தரசியும் பத்தையே எடுப்பார். தொகுப்புகளை விரும்பி வாங்கியவர்கள் மக்களே என்று நிறுவனங்கள் பின்னர் வாதாடின. தராசின் ஒரு தட்டில் கையை வைத்துக்கொண்டு, எது கனமென்று கேட்ட வாதம் அது.

நிறுவனங்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டென்பதை மறுக்க வேண்டியதில்லை. சிறு மொழிகளின் அலைவரிசைகள், ஆவணப்படம் காட்டுவன, குழந்தைகளுக்கானவை ஆகியன, தாமே கடைவிரித்தால் வாடிவிடும். தொகுப்பின் நிழலில் உயிர்வாழ்கின்றன. ஆனால் அந்த நிழலிலேயே, எவரும் பாராத பலவும் விளம்பர வருவாயைக் கூட்டுவதற்காக நிறுத்தப்பட்டுள்ளன. இவ்விரண்டையும் பிரித்தறியும் கருவி எதுவும் கட்டண ஆணையில் இல்லை.

2020 ஜனவரி 1 அன்று டிராய் மீண்டும் முயன்றது. தொகுப்பில் சேரும் அலைவரிசையின் விலையை 12 ரூபாய்க்கு இறக்கியது, தள்ளுபடியையும் கட்டியது, அதே 130 ரூபாய்க்கு 200 அலைவரிசைகள் என்றது. பம்பாய் உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் அதில் பெரும்பகுதியை ஏற்றது. நிறுவனங்களோ தம் புகழ்பெற்ற அலைவரிசைகளைத் தொகுப்பினின்று வெளியே எடுத்து, 12க்கு மேல் விலை வைத்து அறிவித்தன. அவற்றைக் கேட்கும் வீடுகளின் செலவு ஏறும் என்ற நிலை வரவே, ஆணையம் நாளைத் தள்ளிற்று. 2022 நவம்பரில் 12 மறுபடியும் 19 ஆயிற்று. தள்ளுபடி வரம்பு 45 விழுக்காடு ஆயிற்று. 15இல் தொடங்கிய வரம்பு 45இல் நிற்கிறது. அடுத்த பிப்ரவரியில் புதிய விலைகளை ஏற்க மறுத்த கேபிள் நிறுவனங்களுக்குப் பெரிய ஒளிபரப்பாளர் சிலர் சில நாட்கள் ஒளிபரப்பையே நிறுத்தினர். பணம் செலுத்திய வீடுகளில் திரை வெறுமையாய் இருந்தது. 2024 ஜூலையில், கம்பிக்கட்டணத்துக்கு இருந்த 130 ரூபாய் வரம்பையும் டிராய் கைவிட்டு, சந்தையே தீர்மானிக்கட்டும் என்றது.

இதற்கிடையில் இளையோர் கம்பியை விட்டுக் கைப்பேசிக்குப் போய்விட்டனர். வேண்டிய நிகழ்ச்சியை வேண்டிய நேரத்தில் பார்க்கலாம் என்பதே அங்கு முதலில் சொல்லப்பட்ட பெருமை. இன்று கைப்பேசி நிறுவனங்கள் மாதக் கட்டணத்தோடு பல செயலிகளைச் சேர்த்துக் கட்டி ஒரே விலைக்கு விற்கின்றன. ஒரு செயலிக்காக எடுத்த திட்டத்தில் மற்றவை திறக்கப்படாமலே கிடக்கின்றன. தொலைக்காட்சிக் கட்டண ஆணையின் விதிகள் அவற்றைத் தொடுவதில்லை.