தொப்பி காணாமல் போன கதை



பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து 'டாய் ஸ்டோரி 2' பார்த்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். 1999 நவம்பரில் வெளியான அந்தப் படம், அதற்கு முந்தைய ஆண்டு தயாரிப்பில் இருக்கும்போதே ஏறக்குறைய முழுவதும் அழிந்துபோனது. தீ விபத்து இல்லை, திருட்டு இல்லை. விசைப்பலகையில் யாரோ தட்டிய ஒரே ஒரு வரி. இதைப் பலரும் வேடிக்கைச் செய்தியாகப் பகிர்கிறார்கள். எனக்கு அது வேடிக்கையாகத் தெரியவில்லை. காரணத்தைச் சொல்ல முப்பது வருடம் பின்னால் போக வேண்டும். வகுப்பில் கொட்டாவி விட்டவர்கள் இப்போதும் தாராளமாக விடலாம், எனக்குத் தெரியப் போவதில்லை.

1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினார்கள். அன்று கணினி என்பது பலர் பங்கு போட்டுக்கொள்ளும் பொருள். ஒரே வீட்டில் நாலு குடித்தனம் இருப்பது போல. எனவே எது யாருடையது என்று எழுதி வைக்க வேண்டியிருந்தது. நாளடைவில் ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று வகை ஆட்கள் வந்தார்கள்: சொந்தக்காரர், அவருடைய குழு, மற்றவர்கள். உரிமைகளும் மூன்று: படிப்பதற்கு 4, எழுதுவதற்கு 2, இயக்குவதற்கு 1. யாருக்கு எவை உண்டோ அவற்றைக் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். 5 என்றால் படிக்கலாம், இயக்கலாம், எழுத முடியாது. 7 என்றால் எல்லாமும் உண்டு. நாலு, இரண்டு, ஒன்று, இவற்றை எப்படிக் கூட்டினாலும் ஒரே விடை இரண்டு வழியில் வராது. கணக்குப் பாடம் எடுத்தவன் என்பதால் இந்த அழகை ஒரு நிமிடம் ரசித்துவிட்டுத்தான் மேலே போவேன்.

ஆக, 755 என்றால் சொந்தக்காரர் எதையும் செய்யலாம், மற்றவர்கள் பார்க்கலாம். 777 என்றால் வந்தவர் போனவர் எல்லோரும் எதையும் செய்யலாம்.

இதில் பலர் கவனிக்காத ஒரு நுணுக்கம் உண்டு. பள்ளிக்கூடத்து உதாரணமே சொல்கிறேன். மதிப்பெண் பதிவேட்டில் எழுதும் உரிமை வகுப்பாசிரியருக்கு மட்டும்தான். ஆனால் அது இருக்கும் பீரோவின் சாவி யாரிடம் இருக்கிறதோ, அவர் ஓர் எழுத்தைக்கூடத் திருத்தாமல் பதிவேட்டையே எடுத்துக் குப்பையில் போட்டுவிடலாம் அல்லவா? யூனிக்ஸும் அப்படித்தான். ஒரு கோப்பை அழிக்கும் உரிமை அந்தக் கோப்பில் இல்லை. அதை வைத்திருக்கும் கோப்புறையில் இருக்கிறது. கோப்புறையில் எழுத முடிந்தவர், உள்ளே இருக்கும் அடுத்தவர் கோப்பையும் நீக்க முடியும்.

நம் வீடுகளுக்கு வந்த விண்டோஸ் 95-இல் இந்தப் பூட்டெல்லாம் கிடையாது. ஒரு வீடு, ஒரு கணினி, ஒரு ஆள் என்ற கணக்கில் செய்தது அது. 1993-இல் வந்த விண்டோஸ் என்டியில் கோப்பு உரிமைகள் இருந்தன. ஆனால் சினிமா கிராபிக்ஸ்காரர்கள் அதற்கு முன்பே யூனிக்ஸ் பக்கம் போய்விட்டார்கள். அன்று முப்பரிமாணப் படங்களை வேகமாகக் காட்டியவை சிலிக்கான் கிராபிக்ஸ் நிறுவனத்தின் கணினிகள். அவற்றின் ஐரிக்ஸ் இயங்குதளம் யூனிக்ஸின் ஒரு வகை. 'ஜுராசிக் பார்க்' படத்தில் அந்தச் சிறுமி கணினியைப் பார்த்து யூனிக்ஸ் என்று அடையாளம் கண்டு சொல்வாள், நினைவிருக்கிறதா? திரையில் தெரிந்தது கற்பனை இல்லை. அந்த நிறுவனத்தின் நிஜமான கோப்பு பார்க்கும் நிரல்.

அந்தக் கணினிகளுக்கு யானை விலை. 1997-இல் 'டைட்டானிக்' காட்சிகளுக்காக டிஜிட்டல் டொமைன் நிறுவனம் 160 ஆல்ஃபா கணினிகளை வாங்கியபோது, அவற்றில் 105-இல் இலவசமாகக் கிடைத்த லினக்ஸைப் போட்டது, மீதியில் விண்டோஸ் என்டி. லினக்ஸ் யூனிக்ஸின் சாயலில் எழுதப்பட்டது. அதனால் ஐரிக்ஸில் ஓடிய சொந்த நிரல்களை அதற்கு மாற்றுவது எளிது. அடுத்த சில ஆண்டுகளில் பெரிய ஸ்டூடியோக்கள் பலவும் அதே வழியில் போயின. அதே நாலு, இரண்டு, ஒன்றும் கூடவே போனது.

இனி பிக்சார். கார்ட்டூன் படம் ஒருவர் கைவேலை இல்லை. ஒருவர் பொம்மையின் உருவத்தைச் செய்வார், இன்னொருவர் நிறம் கொடுப்பார், வேறொருவர் வெளிச்சம் போடுவார். நடு இரவில் ஒரு கோப்பைத் திருத்த வேண்டுமென்றால், தூங்குகிறவரை எழுப்பி அனுமதி கேட்க முடியாது. அதனால் கதவுகள் தாராளமாகத் திறந்திருந்தன. 1998-இல் ஒருநாள் யாரோ அழிக்கும் கட்டளையைத் தவறான இடத்தில் கொடுத்துவிட்டார். யூனிக்ஸின் அந்தக் கட்டளைக்குக் குப்பைத்தொட்டி கிடையாது, போனால் போனதுதான். தொழில்நுட்பப் பிரிவின் ஓரன் ஜேக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாயகன் வுடியின் தொப்பி காணாமல் போனது. அடுத்து காலணி. அடுத்து வுடியே இல்லை. கணினியின் மின்சாரத்தைப் பிடுங்கச் சொல்லித் தொலைபேசியில் கத்தினார். அதற்குள் படத்தின் 90 சதவீதம் போய்விட்டது. சரி, காப்புப் பிரதி இருக்குமே என்று பார்த்தால், அது ஒரு மாதமாகவே வேலை செய்யவில்லை.

படத்தை மீட்டவர் கேலின் சூஸ்மன் என்ற பெண்மணி. கைக்குழந்தை இருந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்தவர். படத்தின் பிரதி ஒன்று வீட்டுக் கணினியில் இருந்தது. அதைப் போர்வைகளில் சுற்றி, காரின் பின் இருக்கையில் வைத்து, பிரசவமான பெண்ணை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வருவது போல மெதுவாகக் கொண்டுவந்தார்கள். பெரும்பகுதி திரும்பக் கிடைத்தது. (பிறகு கதை பிடிக்காமல் படத்தின் பெரும்பகுதியை அவர்களே மாற்றி எடுத்தது தனிக்கதை.)

அந்தக் கட்டளையைத் தட்டியது யார் என்று பிக்சார் தேடி அலையவில்லை. நிறுவனத் தலைவராக இருந்த எட் கேட்மல் தன் புத்தகத்தில் இதை எழுதியிருக்கிறார். அந்தப் பெயர் இன்றுவரை வெளியே வரவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. உங்களில் ஒருவர், பெயர் வேண்டாம், ஒரு கிராபிக்ஸ் நிறுவனத்தில் மேற்பார்வையாளர். போன வாரம் பேசினார். அவர் பிரிவில் சேர்ந்து மூன்றே மாதம் ஆன பெண், தெரியாமல் ஒரு கோப்புறையை அழித்துவிட்டாராம். பதினோரு நாள் உழைப்பு. "அந்தப் பொண்ண வேலைய விட்டு நிறுத்தச் சொல்றாங்க சார், ரிப்போர்ட் என்னத்தான் எழுதச் சொல்லியிருக்காங்க" என்றார். "தம்பி, அந்தக் கோப்புறைக்கு என்ன எண் போட்டிருக்கீங்க, பார்த்துச் சொல்லுங்க" என்றேன். இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் பதில் வந்தது: 777.

கோப்புறை எல்லோருக்கும் திறந்திருந்தாலும், கோப்பின் சொந்தக்காரரோ கோப்புறையின் சொந்தக்காரரோ மட்டுமே அழிக்கலாம் என்று கட்டுப்படுத்த யூனிக்ஸிலும் லினக்ஸிலும் ஒரு குறி உண்டு. முன்னால் ஓர் 1 சேர்த்தால் போதும், 1777. அதைப் போடுவது மூன்று மாதப் பிள்ளையின் வேலை அல்ல.

திங்கட்கிழமை அவர் அறிக்கை கொடுக்க வேண்டும். அந்த மூன்று ஏழுகளை முதல் வரியிலேயே எழுதச் சொல்லியிருக்கிறேன்.