தேவை என்னும் உரைகல்: தைமோசினும் இலங்கையின் மருந்துச் சட்டமும்

கொழும்பு–கண்டி வீதியில் பிலிமத்தலாவைக்குச் சற்றுக் கிழக்கே உள்ள பேராதனையில் 1962 இல் மருத்துவ பீடம் தொடங்கப்பட்டது. அதன் பீடாதிபதியாக விளங்கியவர்களுள் ஒருவரான மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலை, ஒரு மருந்து பயன் தருமா என்பதோடு அமையாது, நாட்டு நோயாளருக்கு அது தேவையா, அதே பயனைக் குறைந்த விலையில் தரவல்ல வேறொன்று உண்டா என்றும் வினவினார். எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் சேர்ந்து அவர் ஆக்கிய அறிக்கையின் வழியே 1971 இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம், அவரையே முதல் தலைவராகக் கொண்டு, வணிகப் பெயர்களை விலக்கிப் பொதுப்பெயர்களில் உலகளாவிய கேள்விமனு மூலம் மருந்துகளைக் கொள்வனவு செய்தது.

பிபிலை கயானாவில் காலமான 1977 ஆம் ஆண்டிலேயே, அமெரிக்காவில் அலன் கோல்ட்ஸ்டைன் குழுவினர் தைமோசின் அல்பா-1 பற்றிய ஆய்வை வெளியிட்டனர். நெஞ்செலும்பின் பின்னுள்ள தைமசுச் சுரப்பியில், நோயெதிர்ப்பை நெறிப்படுத்தும் டி-கலங்கள் முதிர்கின்றன. கன்றின் தைமசிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட, 28 அமினோ அமிலங்கள் கோத்த இச்சிறு பெப்டைட்டு அக்கலங்களைத் தூண்டுவதாகக் காணப்பட்டது. பின்னர் செயற்கையாக ஆக்கப்பட்டு, ‘சடாக்சின்’ என்ற பெயரில், முதன்மையாக ஈரலழற்சி பி நோய்க்கெனப் பல நாடுகளில் பதிவுபெற்றது. எனினும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதற்கு விற்பனை அங்கீகாரம் வழங்கவில்லை. ஓரிடத்தில் பதிவுபெற்றதென்பது மற்றோரிடத்தில் ஆதாரமாகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

இலங்கையில் பதிவைக் கட்டாயமாக்கியது 1980 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்க அழகுசாதனப் பொருட்கள், கருவிகள், ஒளடதங்கள் சட்டம். அதன் இடத்தைப் பிடித்த 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையை நிறுவியது. உயிர்காத்தல், கொள்ளைநோய் போன்ற விசேட நிலைகளில் குறித்த அளவு மருந்தை அனுமதிக்க அதன் 109 ஆம் பிரிவு இடமளிக்கிறது. நெருக்கடிக் காலத்தில் இன்றியமையாத வாயில்தான். ஆயினும் காவல் தளர்ந்தால் ஆபத்தும் அவ்வழியே வரக்கூடும். ஆவணங்களை மட்டும் நம்புவது எத்தகையது என்பதை, நோயெதிர்ப்பு மருந்தான இமியூனோகுளோபுலினின் பெயரில் அரச மருத்துவமனைகளுக்கு வழங்கப்பட்டவை தொடர்பாக 2023 இல் எழுந்த போலி ஆவணக் குற்றச்சாட்டும், முன்னாள் சுகாதார அமைச்சர் 2024 பெப்ரவரியில் கைதானதும் உணர்த்தின.

தைமோசினைப் பொறுத்தவரை, குருதி நச்சேற்றத்தால் அவதியுற்ற 1,106 பேரிடம் சீனாவில் நடத்தப்பட்டு 2025 இல் வெளியான ஆய்வில், 28 நாளுக்குள் நிகழ்ந்த இறப்புகள் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை.