பெருநகரில் தலை சாய்க்க ஓர் இடம்: விடுதிகள் கூறும் வரலாறு

“கெட்டும் பட்டணம் சேர்” என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. பட்டணம் சேர்ந்தவன் அன்றிரவு எங்கே தலை சாய்ப்பது என்பதை அப்பழமொழி கூறவில்லை. தேர்வுக்கும் கல்லூரிச் சேர்க்கைக்கும் சென்னை செல்லும் நம் மாணவர், வேறெதையும் கேட்குமுன், “ஐயா, அங்கே எங்கே தங்குவது?” என்றே நம்மைக் கேட்கின்றனர். இவ்வெளிய வினாவின் பின்னே ஒரு நெடிய வரலாறு உண்டு. நம் சங்கத்தின் வெள்ளிவிழா மலரில் அதனைச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

வழிப்போக்கர்க்குச் சத்திரமும் சாவடியும் அமைத்தல் தமிழகத்தில் பேரறமாகப் போற்றப்பட்டது. ஆயினும், அவ்வறத்தின் வாயில் எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. சோறிடுமுன் சாதி கேட்கப்பட்டது. பொதுச் சாலைகளும் கிணறுகளும் பொது இடங்களும் எவ்வகுப்பினர்க்கும் தடையின்றி உரியன என்னும் தீர்மானத்தை 1924-ஆம் ஆண்டில் பெரியவர் இரட்டைமலை சீனிவாசனார் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவர வேண்டியிருந்தது. அந்நாளைய நிலையைப் புலப்படுத்த இஃதொன்றே போதும்.

மேலைநாட்டில் விடுதிக்கு ஒரு புதுப்பொருளைத் தந்தவர் நம்மைப் போன்ற ஒரு பள்ளி ஆசிரியரே என்பது நமக்குப் பெருமகிழ்ச்சி அளிக்கின்றது. ஜெர்மனி நாட்டு ஆசிரியர் ரிச்சர்டு சிர்மான் 1909-ஆம் ஆண்டில் தம் மாணவருடன் நடைப்பயணம் சென்றபோது கடும் இடிமழையில் சிக்கினார். ஒரு பள்ளிக்கூடத்தில் வைக்கோலைப் பரப்பி அன்றிரவைக் கழித்தனர். வெளியூர் செல்லும் இளைஞர்க்கு எளிய செலவில் தங்குமிடம் எங்கும் வேண்டும் என்னும் எண்ணம் அவ்விரவில் அவர் உள்ளத்தில் உருக்கொண்டது. 1912-இல் ஆல்டெனா நகரின் பழங்கோட்டையில் உலகின் முதல் இளைஞர் விடுதி தோன்றியது. பின்னர் இவ்வியக்கம் உலகின் பெருநகரங்கள் பலவற்றிலும் பரவிற்று.

இத்தகைய விடுதிகள் இளைஞரைக் கவர்வது எதனால்? தனி அறைக்கு வாடகை தர வேண்டியதில்லை. ஒரு கட்டிலுக்குத் தந்தால் போதும். சமையற்கூடமும் உணவுக்கூடமும் பொது. நகருக்கு முன்னரே வந்தவர் புதிதாய் வந்தவர்க்கு வழிகாட்டுவார். தனி அறை எடுத்தவன் நான்கு சுவர்களைக் காண்கின்றான். விடுதியில் தங்கியவன் நாற்பது மனிதரைக் காண்கின்றான். ஆயினும், நம் மக்களைப் பொறுத்தவரை இவை அனைத்தினும் மேலான பயன் ஒன்று உண்டு. அதனை அண்ணல் அம்பேத்காரின் வாழ்க்கையே தெளிவுறக் காட்டும்.

பரோடா மன்னரின் உதவித்தொகை பெற்று, 1913-ஆம் ஆண்டில் அண்ணல் நியூயார்க் சென்றார். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மாணவர் விடுதியில் முதலில் தங்கினார். பின்னர் லிவிங்ஸ்டன் விடுதியில் நவல் பதேனா என்னும் பார்சி இளைஞருடன் வாழ்ந்தார். அந்நட்பு வாழ்நாள் நட்பாயிற்று. பிற்காலத்தில் அண்ணல் இலண்டனில் படிப்பைத் தொடரப் பொருளுதவி புரிந்தவரும் அந்நண்பரே. அயல்நாட்டு வாழ்க்கை, தாம் தீண்டத்தகாதவர் என்னும் நினைவையே தம் உள்ளத்தினின்று அகற்றிவிட்டதாக அண்ணல் எழுதியுள்ளார்.

1917-இல் அவர் பணியேற்கப் பரோடா வந்தார். தங்க இடமில்லை. பார்சிகளுக்கெனவே அமைந்த விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைப் பதிவு செய்துகொண்டு, நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாய் தந்து தங்கினார். பதினோராம் நாள் காலை தடிகளுடன் பத்துப் பன்னிரண்டு பேர் வந்து அவரைச் சூழ்ந்தனர். மாலைக்குள் வெளியேறுமாறு மிரட்டினர். அவர் நாடிய நண்பர் இருவர்; ஒருவர் இந்து, மற்றவர் கிறித்தவர். இருவரும் இடம் தரவில்லை. ஒரு பொதுப் பூங்காவில் ஐந்து மணி நேரம் காத்திருந்து, இரவு இரயிலில் அண்ணல் பம்பாய் திரும்பினார்.

இளைஞர்காள்! இங்கே சற்று நின்று எண்ணுங்கள். நியூயார்க்கில் அவருடன் தங்கியவரும் பார்சி. பரோடாவில் தடியுடன் வந்தவர்களும் பார்சிகளே. ஆகவே, வேறுபாடு இனத்தில் இல்லை. ஒரு விடுதியின் விதி பிறப்பைக் கேட்கவில்லை; மற்றதன் விதி பிறப்பையே கேட்டது. விதி நல்லதாயின் அயலாரும் நண்பராவர். விதி தீயதாயின் ஒரே கூரையின்கீழ் மனிதர் பகைவராவர்.

இவ்வுண்மையை உணர்ந்த சான்றோர் விடுதிகளை எழுப்பினர். கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ், தீண்டத்தகாதவர் எனப்பட்ட மாணவர்க்காக 1908-இல் ஒரு விடுதி தோன்றத் துணைநின்றார். சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916-இல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கி நம் பிள்ளைகட்குக் கல்வி நல்கினார். பரோடாவில் தங்க இடமின்றி நின்ற அண்ணல், எட்டாண்டுகளுக்குப் பின், 1925-இல் தம் அமைப்பின் வாயிலாகச் சோலாப்பூரில் நம் மாணவர்க்கு விடுதி திறந்தார். 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டம் தீண்டாமையை ஒழித்தது. கல்வி நிலையங்களிலும் அவற்றைச் சார்ந்த விடுதிகளிலும் தீண்டாமை காரணமாக இடம் மறுப்பது குற்றம் என 1955-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. நம் மாநில அரசின் மாணவர் விடுதிகட்குச் ‘சமூகநீதி விடுதி’ என்னும் பொதுப்பெயர் 2025-இல் அறிவிக்கப்பட்டது. சாதிப்பெயர் பலகையினின்றும் அகல வேண்டும் என்பதே இதன் கருத்து.

சட்டம் வந்தபின்னும், நகரத்தில் வாடகைக்கு இடம் தேடும் நம் இளைஞரிடம், “நீங்கள் என்ன ஆட்கள்?” என்று சுற்றிவளைத்துக் கேட்போர் மறைந்துவிடவில்லை. அவ்வினாவுக்கு அஞ்சிப் பொய்ப்பெயர் கூற வேண்டா. பொய்ப்பெயரில் கிடைத்த அறை பதினோராம் நாள் பறிபோகும் என்பது பரோடா தரும் பாடம். பிறப்பைக் கேளாத விடுதியைத் தேடுங்கள், அங்கே தங்கிப் பிறரோடு கலந்து பழகுங்கள், உடனிருப்பவரிடம் கற்றுக்கொள்ளுங்கள்.

சங்கத்து உறுப்பினர்க்கும் ஒரு வேண்டுகோள். நகரில் வீடு கட்டிக் குடியேறிய நம்மவர் பலர். தேர்வுக்கு வரும் ஊர்ப்பிள்ளை ஒருவனுக்கு இரண்டு இரவுகள் இடம் தருதல் அவர்தம் கடமை. சங்கமும் தன் அடுத்த கட்டப் பணியாகச் சென்னையில் ஒரு சிறு தங்குமிடம் அமைக்க முயலுதல் வேண்டும். ஆண்பிள்ளைகளைப் போலவே பெண்பிள்ளைகளும் அச்சமின்றித் தங்கும் இடமாக அஃது அமைதல் வேண்டும். அவ்விடத்தில் நம்முள் எந்த உட்பிரிவினர் என்று ஒருவரையும் கேட்டல் ஆகாது. பிறர் நம்மைக் கேட்ட வினாவை நாமே நம்மவரைக் கேட்போமாயின், இவ்வரலாற்றினின்று நாம் ஒன்றும் கல்லாதவராவோம்.